தலைக்கோப்பில் பிள்ளையார்

ஹற்றன் பஸ் நிலையத்துக்குப் பின்னால், லாபிர் முதலாளியின் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது செல்லசாமியின் மென்பொருள் கம்பனி. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் இலத்திரனியல் தராசுகளுக்கு மூளை எழுதிக் கொடுப்பது அவர்கள் தொழில். மூளை நல்ல மூளைதான். ஆனால் அதில் ஒரே ஒரு வரியைத் திருத்தினாலும், முழுவதையும் மறுபடி கோர்த்தெடுக்க, அதாவது அவர்கள் பேச்சில் 'பில்ட் போட', காலையில் தொடங்கினால் பகல் சாப்பாடு தாண்டிவிடும்.

இதற்காக அங்கே யாரும் அழுததில்லை. பில்ட் ஓடும் நேரத்தில் இரண்டு கல்யாணங்கள் பேசி முடிக்கப்பட்டன. கிரிக்கெட் ஒரு பந்து விடாமல் பார்க்கப்பட்டது. செல்லசாமி மட்டும் கவலைப்பட்டுப் புதுக் கம்ப்யூட்டர்கள் வாங்கினார், வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினார், கொழும்பிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். நிபுணர் குளிர் தாங்காமல் மறுநாளே ரயிலேறிவிட்டார்.

அங்கே புரோகிராம் எழுதும் நிஷாந்திக்கு அன்று தலைபோகிற அவசரம். கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மழை. ஈரச் சாக்கின் எடையில் தண்ணிக் கழிவைக் குறைக்கப் போனதும் தராசு அசையாமல் நின்றுவிட்டது. பின்னேரக் கொழுந்து நிறுப்பதற்குள் சரிவராவிட்டால் எல்லாத் தராசையும் லொறியில் ஏற்றித் திருப்பி அனுப்புவதாகத் தோட்டத்தை நடத்தும் துரை சொல்லிவிட்டார். அவர் போனால் கம்பனி போகும். கம்பனி போனால் நிஷாந்தி கொழும்புக்குப் போக வேண்டும். அவள் அங்கே ஒரு வருடம் இருந்து பார்த்தவள். ஓர் அறையில் நாலு பெண்கள், ஒரு வாளி, விடியவிடிய வேர்வை. நோட்டன் பிரிட்ஜிலிருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கி வந்தாலும் சரி, இனி மலையைவிட்டு இறங்குவதில்லை என்று அம்மா முன்னால் சத்தியம் செய்திருந்தாள்.

தவறைக் கண்டுபிடித்துத் திருத்த அதிக நேரம் ஆகவில்லை. பில்ட் போட்டாள். அது தொடங்கியதுதான் தாமதம், செல்லசாமியின் அறையிலிருந்து சூட வாசம் வந்தது. திரையில் பில்ட் செத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"ரிஃகான், எதையாச்சும் தொட்டீங்களா?"

"நானா? நான் காலையில இருந்து கீபோர்ட் பக்கமே போகல," என்றான் பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் லாபிர் முதலாளியின் மகன். அவன் சொன்னது முழு உண்மை.

ஏன் முதலிலிருந்து போகிறாய் என்று நிஷாந்தி கம்ப்யூட்டரையே கேட்டாள். பொதுத் தலைக்கோப்பு மாறிவிட்டது என்றது அது. தலைக்கோப்பு என்பது மற்றக் கோப்புகள் வேலை தொடங்குமுன் எட்டிப் பார்த்துவிட்டு வரும் கோப்பு. ஊர் உலகத்தில் அதைச் சின்னச் சின்னதாகப் பிரித்து வைப்பார்கள். செல்லசாமியோ, எல்லாரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டுமென்று எல்லாவற்றையும் ஒன்றிலேயே போடச் சொல்லியிருந்தார். வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பராவில் குழந்தை அழுதால் மொத்த லயமும் எழுந்து உட்காருமே, அந்தக் கதைதான். அதில் ஓர் எழுத்து மாறினால் அத்தனை கோப்புகளும் வேலையை மறுபடி தொடங்கும்.

மாற்றியது யார்? அவள் திறந்து பார்த்தாள். உச்சியில் பிள்ளையார் சுழி, இன்றைய தேதி, 'இன்று ஜெயம்'. அடியில் ரிஃகானுக்காக 786, இன்னொரு ஊழியரான ஜீவராஜுக்காக ஒரு சிலுவை. செல்லசாமி பாரபட்சம் பார்க்காத மனிதர். தினமும் நல்ல நேரம் பார்த்துச் சூடம் காட்டிவிட்டு, புதுத் தேதி போட்டுச் சேமிப்பார். இது பிரார்த்தனையா திருத்தமா என்று பில்டுக்கு என்ன தெரியும்?

நிஷாந்தி அவர் அறைக்குள் போய் விஷயத்தைச் சொன்னாள். செல்லசாமியின் முகம் சுருங்கிப்போனது.

"சுழி போடாம வேலை தொடங்கச் சொல்றீங்களாம்மா?"

வாயைவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. "அய்யய்யோ, இல்லங்க சார். அத்தன ஃபைலும் வந்து போற நடவாசல்ல சாமிய உக்கார வச்சிருக்கோம். அது மரியாதையாங்க? தனியா ஒரு ஃபைல்ல கோயில் கட்டிருவோம். வேற யாரும் உள்ள வர மாட்டாங்க."

செல்லசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "இது எனக்குத் தோணாமப் போச்சே!"

பொதுக்கோப்பை நேற்று இருந்தபடியே, நேற்றுச் சேமித்த நேரத்தோடேயே திருப்பி வைத்தாள் நிஷாந்தி. நேற்றைய பிள்ளையார் அங்கேயே இருந்தார். இன்றையவர் தனிக்கோப்புக்குக் குடிபோனார். மறுபடி பில்ட் போட்டாள். திருத்திய ஒரு கோப்பு மட்டும் ஓடி, ரிஃகானின் பிளேன்டீ ஆறுமுன் முடிந்துவிட்டது. பின்னேரம் தராசுகள் ஒழுங்காக எடை காட்டின. துரையே ஃபோன் எடுத்து நன்றி சொன்னார். நிஷாந்திக்கு அன்று பஸ்ஸில் உட்கார இடம்கூடக் கிடைத்தது.

அடுத்த கிழமை முழுக்க ஆபீசில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. பில்ட் சாக்கு இல்லாததால் கிரிக்கெட் பார்க்க முடியவில்லை. வேலைகள் வேறு சீக்கிரமே முடிந்து தொலைத்தன. வெள்ளிக்கிழமை செல்லசாமி லட்டுப் பெட்டியோடு எல்லாரையும் கூப்பிட்டார்.

"நிஷாந்தி புண்ணியத்துல இப்ப எல்லாம் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடியுது. இங்க இத்தன பேருக்கு வேலை இல்ல. அதனால கொழும்புல ஒரு கிளை தொறக்கிறேன். நிஷாந்திதான் அங்க மெனேஜர். தங்குறதுக்கு ரூமும் பாத்தாச்சு, இன்னும் மூணு பொண்ணுங்க இருக்காங்களாம், பேச்சுத் துணைக்கு."

எல்லாரும் கை தட்டினார்கள். ரிஃகான்தான் பலமாகத் தட்டினான். நிஷாந்தியால் லட்டை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"சார், நான் இங்கயே இருக்கணும்னுதான் சார் அதைச் சரி பண்ணுனேன்."

"தெரியும்மா," என்றார் செல்லசாமி, உண்மையான பாசத்தோடு. "ஆனா சும்மா இருக்கிறவங்கள நம்பி கொழும்புக்கு அனுப்ப முடியுமா, சொல்லுங்க?"