ஈரம் காய்வதற்குள்

...தேய்க்கக் கூடாது, ஒற்றித்தான் எடுக்க வேண்டும், ஈரம் முழுசாகக் காய்வதற்குள் களிம்பைப் பூசிவிட வேண்டும், டாக்டர் சொன்னது அவனுக்கு வேதவாக்கு, மனைவிக்கோ நச்சரிப்பு, "நீங்களே பூசுங்க, நான் பூசினா நொட்டை சொல்லுவீங்க" என்று ஒருநாள் துண்டை அவன் தோளில் போட்டுவிட்டுப் போனாள், அதிலிருந்து மகளைக் குளிப்பாட்டுவதும் பூசுவதும் அவன் பாடு, பெருமையும் அவனுடையதுதான். பகலெல்லாம் துணி ஆலையில் செக்கிங் மேஜை, விளக்கடியில் ஓடும் துணியில் முடிச்சு, இழை விட்ட இடம், எண்ணெய்க் கறை... அவன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு சாண் துணி தாண்டாது. வீட்டுக்கு வந்தால் இந்த ஆறு வயதுத் தோல். கழுத்து சரி, முழங்கை மடிப்பு சரி, முழங்கால் பின்புறம்... லேசாகச் சிவந்திருக்கிறதே, நேற்று இல்லையே, பள்ளிக்கூடத்தில் வியர்த்துக் கொட்டியதா? போன மாதமும் இப்படித்தான் ஆரம்பித்தது, அசந்த நேரத்தில் கண் இமை வரை ஏறிவிட்டது, சொறிந்து சொறிந்து தலையணையில் ரத்தப் பொட்டு, அவன் திட்டுவான் என்று மகள் உறையைத் திருப்பிப் போட்டு மறைத்திருந்தாள்.

மகள் பல்லைக் காட்டினாள். "எரியுதா?" இல்லையென்று தலையாட்டிவிட்டு மறுபடி ஈயென்று இளித்தாள். "ஆடாம நில்லும்மா." கையை இன்னும் லேசாக்கிக்கொண்டான், வலித்தாலும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள், அழுத்தக்காரி, அம்மாவைப் போல... கணுக்கால் சரி, விரலிடுக்கு சரி. தாடையைப் பிடித்து நிமிர்த்தினான், இமையும் சரி, அப்பாடா. முகத்தை அவன் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து இன்னொரு தடவை இளித்தாள். "எரியலன்னு சொன்னியே?" வாயை மூடிக்கொண்டாள். பருத்திச் சட்டையைத் தானே மாட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

களிம்பு டப்பாவை மூடும்போது மனைவி கதவோரம் வந்து நின்றாள். "பார்த்தீங்களா? காலையில நீங்க வேலைக்குப் போனப்புறம் விழுந்துச்சு, முன்பல்லு. யாரும் சொல்லக் கூடாதாம், அப்பாவே கண்டுபிடிக்கணுமாம், ஒத்தக்கால்ல நின்னா."

பார்த்தேன் என்று சொல்லிவிட்டான். ஆனால் எந்தப் பல்... மேலா, கீழா? கண்ணை மூடினால் வலது இமையோரத்தில் உரிந்து ஆறிய கடுகளவு இடம்கூடத் தெரிகிறது, வாய் மட்டும் வரமாட்டேன் என்கிறது. கூடத்தில் அவள் தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். எழுந்து போய்ப் பார்க்கலாம்தான்... போனால் கண் முதலில் எங்கே போகும்?