காற்று இன்ஜின்

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. பேப்பரைக்கூட நின்றுகொண்டுதான் படிப்பேன். அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு எழுதும் தலைமைக் கிராணி என்று நாற்காலியில் கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். ஓய்வு கொடுத்த மறுநாளே காலில் சக்கரம் முளைத்துவிட்டது. நான் நடக்கிற நடையில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் சிமெண்டுத் தரை தேய்ந்துவிடும் என்பாள் என் மனைவி பூரணம்.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஒரே மகள் வதனி, டொமினிக்கைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். கிள்ளானில் வாத்தியார். கத்தோலிக்கன். அவன் அப்பா அம்புரோஸ் மேரு பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து ரயில்வேயில் வேலை பார்த்தவர். நல்ல மனிதர்கள்தான். ஆனால் நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள், சைவர்கள். இதற்கு மேல் விளக்கினால் எனக்கே வெட்கமாக இருக்கும். அன்றைக்குக் கத்தித் தீர்த்தேன். பிறகு அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

பேசாமல் ஒரே வீட்டில் இருப்பது லேசான வேலை இல்லை. கைக்கு ஏதாவது வேண்டும். அம்பாங்கில் ஒரு பழைய இரும்புக் கடையின் பின்னால், கோழிகள் அடைந்துகொண்டிருந்த 1965 போக்ஸ்வேகனை வாங்கி லோரியில் ஏற்றிவந்து வாசலில் இறக்கினேன். மலாய்க்காரர்கள் கூரா-கூரா என்பார்களே, அந்த ஆமைக்கார். இன்ஜின் பின்பக்கம். ரேடியேட்டர் கிடையாது. பின் கண்ணாடிக்குக் கீழே வரிசையாக இருக்கிற ஓட்டைகள் வழியாக விசிறி காற்றை இழுத்து இன்ஜினின் சூட்டைத் தணிக்கும்.

இரண்டு வருடம். இன்ஜினை இறக்கினேன், பிரித்தேன், மண்ணெண்ணெயில் கழுவினேன், பூட்டினேன், மனசு கேட்காமல் மறுபடி பிரித்தேன். பங்சாரில் வேலை பார்த்த வதனி ஆறு மணிக்கு வந்ததும் ஒரு கோப்பை டீயைக் கொண்டுவந்து மட்கார்ட் மேல் வைப்பாள். வைத்துவிட்டு உடனே போகமாட்டாள். நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். காரோடு பேசிக்கொண்டிருப்பேன். உனக்குத் தண்ணீரே வேண்டாம், காற்றுதான் சோறு, மூச்சை மட்டும் அடைக்கக்கூடாது என்று அதற்குப் பாடம் எடுப்பேன். ஒரு நாள், பிடிவாதத்தில் நீ என்னையே மிஞ்சிவிடுவாய் என்றுகூடத் திட்டினேன்.

எண்பத்தேழில் கல்யாணத் தேதி வைத்தார்கள். பூரணம் தூது வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வாடகைக்கு மெர்சிடிஸ் எடுக்கிறார்கள், பிள்ளையோ அப்பாவின் காரில்தான் போவேன் என்கிறாள் என்றாள். கிள்ளான் மாதா கோயிலில் பெண்ணின் அப்பாதான் கையைக் கோத்து உள்ளே கூட்டிப்போக வேண்டுமாம். கார் ஓட்டுவேன், வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவேன், உள்ளே வரமாட்டேன் என்றேன். பூரணம் அழுதாள். கடைசியில் அவள் தம்பி தியாகராசா அந்த வேலைக்கென்று ஒரு கோட்டுத் தைத்துக்கொண்டான்.

மெர்சிடிஸ் என்ற பேச்சு மட்டும் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. என் கார் எதில் குறைச்சல்? கல்யாணத்தன்று விடிந்ததும் பூக்கடை நாகையாவை வரச்சொல்லி, முன்னால், பின்னால், ஓர் இடமும் விடாமல் மூடச் சொன்னேன். அவரும் பின் கண்ணாடியிலிருந்து பம்பர் வரை மல்லிகைச் சரத்தை நெருக்கமாகப் பின்னி, போர்வையாகப் போர்த்திக் கட்டினார். தெருவே வந்து பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பூரணமும் மற்றவர்களும் முன்னால் போய்விட்டார்கள். நானும் வதனியும் மட்டும் கிளம்பினோம். அவள் பின்சீட்டில் வெள்ளைப் புடவையும் கையுறையுமாக இருந்தாள். பெடரல் ஹைவேயில் சுபாங் தாண்டியதும் எண்ணெய் கருகும் வாசனை வந்தது. மிதித்தால் இழுக்கவில்லை. தடதடவென்று ஒரு சத்தம், அதோடு நின்றுவிட்டது.

ஓரமாக உருட்டி நிறுத்திவிட்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பெல்ட்டா, பெட்ரோலா, பிளக்கா? ஒரு லோரி நின்றது. அதை ஓட்டிவந்த தமிழ்ப் பையன் தண்ணீர்க் கேனோடு இறங்கி, “ரேடியேட்டர்ல ஊத்துங்க அங்கிள், சரியாயிடும் லா,” என்றான்.

வதனி கதவைத் திறந்து இறங்கினாள். “தண்ணி வேணாம் அண்ணே. இது காத்து இன்ஜின்,” என்றவள் என்னைப் பார்த்தாள். “பின்னால பூவ எடுங்கப்பா. மூச்சு அடைச்சிருக்கு.”

ஒவ்வொரு திருகையும் தடவிப் பார்த்த மடையன் நான். ஊருக்குக் காட்டவேண்டும் என்று என் கையாலேயே மூக்கைப் பொத்தியிருக்கிறேன். வெட்கத்தில் நாகையாவைத் திட்டப்போனேன். வதனி அதற்குள் பூவைப் பிய்க்க ஆரம்பித்திருந்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். உள்பக்கச் சரங்கள் வெந்து, எண்ணெய்க் கறையோடு தகரத்தில் ஒட்டியிருந்தன.

இனி அரை மணி நேரம் அதைத் தொடக்கூடாது. லோரிப் பையன் கிள்ளானில் தகவல் சொல்வதாகக் கிளம்பிப் போனான். நான் ரோட்டோரத்தில் மேலும் கீழும் நடந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். இன்ஜின் மூடியைத் திறந்தேன், மூடினேன்.

“உக்காருங்கப்பா,” என்றாள் வதனி.

கார்க் கதவுக்குக் கீழே இருந்த கால்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த விஷயம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். இரண்டு வருடத்தில் அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“நீங்க காரோட பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டுதானே நின்னேன்,” என்றாள். “என்கிட்ட பேசுறீங்கன்னு நெனச்சுக்குவேன்.”

எனக்கு அழுகை வந்தது. மறைப்பதற்கு எழுந்து நடக்கலாம் என்றால் அவள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த அரை மணி நேரமும் அப்படியே இருந்தேன்.

ஆறியதும் இன்ஜின் இருமிக்கொண்டே எடுத்தது. பத்து மணிக் கல்யாணத்துக்குப் போய்ச் சேரும்போது பத்தேமுக்கால். மாதா கோயில் வாசலில் தியாகராசா கோட்டுக்குள் வேர்த்துப்போய் நின்றான். அம்புரோஸ் ஓடிவந்து கதவைத் திறந்தார். நான் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினேன். இறக்கிவிட்டுத் திரும்புகிறவன் நிறுத்தமாட்டான். பூரணம் அதைக் கவனித்துவிட்டாள்.

“கை கழுவ எங்க தண்ணி இருக்கு?” என்று அம்புரோஸிடம் கேட்டேன்.

அவர் குழாயைக் காட்டுவதற்குள் வதனி, “நேரமாச்சுப்பா,” என்று என் கறுத்த கையில் தன் கையைக் கோத்துக்கொண்டாள். அவளுடைய கையுறையும் கறுப்பாகத்தான் இருந்தது. தியாகராசா ஒதுங்கி வழிவிட்டான்.

உள்ளே அவளை டொமினிக்கிடம் விட்டதும் என்னை முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.