அக்காவின் உடம்பில் வேலை செய்யாத ஊசி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் ஒரே ஒரு வாக்கியம்தான் நிஜம். அதுவும் என்னுடையது இல்லை. என் சர்க்கரை அளவைப் பார்க்க மருத்துவமனைக்குப் போய், டோக்கனைக் கையில் பிடித்தபடி நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாற்காலி தள்ளி, நல்ல கனத்த உடம்போடு ஒரு பெண்மணி. கைப்பேசியில் யாரிடமோ, அழுகைக்கும் கத்தலுக்கும் நடுவிலான ஒரு குரலில் கேட்டாள்:

"என் உடம்பக் காட்டி நீ ஊசி வாங்கினியாடி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செருப்பைத் திருடுவார்கள், குடையைத் திருடுவார்கள், எங்கள் தொழிலில் கதையையே திருடுவார்கள். உடம்பை எப்படி ஐயா திருடுவது? காதைத் தீட்டிக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அதற்குள் என் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது அந்த நாற்காலி காலி.

மிச்சமெல்லாம் என் கற்பனை. தப்பு இருந்தால் என்னைத் திட்டுங்கள், அந்த அம்மாவை விட்டுவிடுங்கள்.

2

எப்படித் தொடங்குவது என்றே நாலு நாள் போனது.

"அவள் பருமனாக இருந்தாள்." (சீ! இப்படித் தொடங்கினால் கதை முடியும்வரை அவள் வேறு எதுவாகவும் இருக்க முடியாது.)

"எடை இயந்திரத்தின் முள் நடுங்கி—" (எந்தக் காலத்தில் இருக்கிறேன் நான்? முள்ளெல்லாம் போய் எண் வந்தாயிற்று.)

"உடல் பருமன் என்பது நம் காலத்தின்—" (கட்டுரை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.)

சரி, அவளுடைய வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சி கார்களில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் பதறினால் கற்றுக்கொடுப்பவர் அதை மிதிப்பார். எத்தனையோ பேர் உயிரோடு வீட்டுக்குப் போனது அவள் வலது காலின் புண்ணியம். அதனால் ஊரெல்லாம் அவளுக்குப் 'பிரேக் அக்கா' என்றே பெயர். "கண்ணாடியப் பாரு, அப்புறம் ரோட்டப் பாரு, என் மூஞ்சிய ஏன் பாக்குற? அதுலயா சிக்னல் விழுது?" என்று அவள் கேட்டால், ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு நடுங்குகிறவனுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அந்த வலது முட்டிதான் போய்விட்டது. தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசுகிறது. மூட்டு மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாத்தியே ஆகணும். ஆனா இந்த எடையில நான் கத்தி வைக்க மாட்டேன். நடங்க, எடையக் குறைச்சுட்டு வாங்க."

"நடக்கறதுக்குத்தானே டாக்டர் முட்டி கேக்கறேன்?" என்றாள் பிரேக் அக்கா.

அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

போன மாதம் ஒரு பெண் வளைவில் பதறியபோது அக்காவின் கால் ஒரு நொடி பிந்தியது. சைக்கிளில் போன பெரியவரின் சட்டையை உரசிக்கொண்டு கார் நின்றது. முதலாளி மரியாதையாகத்தான் சொன்னார்: "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா ஆபீஸ்ல உக்காந்துக்கலாம்க்கா." அந்தப் பயிற்சிப் பள்ளியில் ஆபீஸ் என்பதே ஒரு நாற்காலிதான். அதில் முதலாளி உட்கார்ந்திருக்கிறார். ஆக, எடை குறைந்தால் முட்டி, முட்டி இருந்தால் வேலை.

3

வாரம் ஒரு தடவை வயிற்றில் போட்டுக்கொள்ளும் அந்த ஊசியைப் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும்.* பசியை அடக்கும். எடை தானாக இறங்கும். காசு இருந்தால் தனியாரில் கைப்பேசியிலேயே கேட்டு வாங்கலாம், நாலாம் நாள் வீட்டு வாசலில் பெட்டி வந்து நிற்கும். காசு இல்லையென்றால் அரசு மருத்துவமனையில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அக்கா ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தாள்.

பெயர் பதிந்தது அவளுடைய தங்கை, சின்னவள். அக்காவுக்குக் கைப்பேசியில் பேச வரும், பேச்சைத் தவிர வேறொன்றும் வராது. அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்புவது, கேள்விகளுக்குப் பதில் நிரப்புவது எல்லாம் சின்னவள்தான்.

(* தெரியாதவர்கள் பக்கத்து வீட்டில் விசாரிக்கவும். போட்டுக்கொண்டவர்கள் 'வாக்கிங் போறேன்' என்பார்கள்.)

4

அழைப்பு வந்தது. அக்கா இருக்கிறதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு போனாள். எடை பார்த்தார்கள். மருத்துவர் சின்ன வயசுப் பெண், முகத்தில் சிடுசிடுப்பே இல்லை. திரையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"நீங்க ஏற்கெனவே ஆறு மாசமா இந்த ஊசி போட்டுட்டிருக்கீங்களேம்மா?"

"நானா?"

"தனியார்ல வாங்கியிருக்கீங்க. அங்க எழுதற மருந்தும் எங்க திரையில தெரியும். மாசாமாசம் எடை அனுப்பியிருக்கீங்க. குறையவே இல்லைன்னு அவங்க அளவ ஏத்திக்கிட்டே போயிருக்காங்க. இப்ப இருக்கறதுலயே பெரிய அளவு. இன்னிக்கும் அதே எடைலதான் இருக்கீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க உடம்புல இந்த மருந்து வேலை செய்யலைம்மா. வேலை செய்யாத மருந்த நாங்க எழுத முடியாது."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை தெரியும். இங்கே தயிரே கடையவில்லை, தாழி மட்டும் உடைந்திருக்கிறது! ஊசி முனைகூடப் படாத உடம்பு, ஊசியிடம் தோற்றுப்போனதாக முடிவாகிவிட்டது. இந்த இடத்தில் எழுதிக்கொண்டிருந்த நானே எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். சத்தியமாக இப்படி வரும் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஒற்றை வாக்கியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு போனேன், இங்கே கொண்டுவந்து விட்டது.

"வேற யாரோடதோ மாறி வந்திருக்கும்," என்றாள் அக்கா.

மருத்துவர் திரையைத் திருப்பினாள். நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். நீல உடுப்பில் அக்கா, வாயெல்லாம் பல்லாக.

அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. சின்னவள் வீட்டுக் கூடம். "இந்த நீலம் உனக்கு எடுப்பா இருக்குக்கா, நில்லு, ஒரு படம் எடுக்கறேன். அப்படியே திரும்பு." குடும்பப் படங்களில் அக்கா எப்போதும் பின்வரிசை, முன்னால் மறைக்க யாராவது ஒரு குழந்தை. அவளைத் தனியாக நிற்கவைத்து யாரும் படம் எடுத்ததே இல்லை. அந்த சந்தோஷத்தில்தான் அப்படிச் சிரித்திருக்கிறாள். அப்புறம் மாசாமாசம், "புது மெஷின் சரியா காட்டுதான்னு பாக்கணும், ஏறி நில்லுக்கா" என்று சின்னவள் சொல்லும்போதெல்லாம் ஏறி நின்றும் இருக்கிறாள்.

"ஒரு நிமிஷம் டாக்டர், தண்ணி குடிச்சிட்டு வரேன்," என்று எழுந்தாள். முட்டி அவளை உடனே எழ விடவில்லை.

5

இப்போது எனக்குச் சின்னவளோடு தகராறு. இவளை வில்லியாக்கிவிட்டால் என் வேலை சுலபம். "சின்னவள் கண்ணாடி முன் நின்று சிரித்தாள், அந்தச் சிரிப்பில்—" என்று எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அவள் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசைக்காரி. இரண்டு பிள்ளை பெற்றவள். நாள் முழுக்க நின்றுகொண்டு, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சிரித்தபின் வீட்டில் சிரிக்க அவளிடம் மிச்சம் இருக்காது. அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் ஓடி வருவதும் அவள்தான். இவளை என்ன செய்ய?

நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அக்கா கேட்டாள்:

"என் உடம்பக் காட்டி நீ ஊசி வாங்கினியாடி?"

(நிஜம் இதோடு முடிந்தது.)

"அக்கா... எனக்குத் தர மாட்டேன்னுட்டாங்கக்கா. எடை பத்தாதாம்."

"பத்தாதா! அதுக்கு என்னோடத எடுத்துக் குடுத்தியா? அடிப்பாவி, கேட்டிருந்தா மொத்தத்தையும் தூக்கிக் குடுத்திருப்பேனேடி!"

"யூனிஃபார்ம் கோட்டு பட்டன் போட முடியலைக்கா. ஒவ்வொரு நாளும் கண்ணாடியப் பாக்கறப்ப..."

"பாக்கறப்ப?"

"உன்ன மாதிரி ஆயிடுவேனோன்னு பயந்துட்டேன்."

இதைச் சொன்னது சின்னவள்தான், நான் இல்லை. நான் எழுதும்போது என் கை கூசியது. அழித்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் அழித்தால் அவள் ஏன் இதைச் செய்தாள் என்பதே போய்விடும். ஆகவே அது அங்கேயே கிடக்கட்டும். அக்காவுக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது.

"அந்த டாக்டர்கிட்ட நீதான் போட்டுக்கிட்டதா சொல்லிடுக்கா," என்றாள் சின்னவள். "இல்லைன்னா போலீசு, கேசு... என் வேல போயிடும். புள்ளைங்கள நெனச்சுப் பாரு."

"இப்பயாவது நிறுத்தித் தொலைச்சியா?"

"நிறுத்தினா திரும்ப ஏறிடும்க்கா." அதற்குப் பிறகு குளியலறைக் குழாய்த் தண்ணீர் சத்தம். அதற்கு அடியில் வேறொரு சத்தம்.

"என்னடி அது?"

"ஒண்ணுமில்ல. வாந்தி. தெனமும் வர்றதுதான். வச்சிடறேன்."

6

முடிவுகளைப் போட்டுப் பார்த்தேன்.

ஒன்று. அக்கா உள்ளே போய், "ஆமா டாக்டர், நான்தான் போட்டுக்கிட்டேன்" என்கிறாள். முட்டி போகிறது, வேலை போகிறது, தங்கை பிழைக்கிறாள். (வேண்டவே வேண்டாம். நம் கதைகளில் அக்காமார்கள் உருகி உருகியே தீர்ந்துபோய்விட்டார்கள். அதோடு, தங்கை பிழைக்கிறாளா என்ன? அடுத்த பெட்டியல்லவா வந்து சேரும்!)

இரண்டு. உண்மையைச் சொல்கிறாள். ஊசி கிடைக்கிறது. சின்னவள் வீட்டு வாசலில் சீருடை போட்ட இருவர், கதவிடுக்கில் இரண்டு சின்ன முக— (எழுத முடியவில்லை.)

மூன்று. சின்னவள் ஓடி வந்து காலில் விழுகிறாள். (போங்கள் ஐயா.)

7

என்னைக் கேட்காமல் அக்கா உள்ளே போய்விட்டாள். கோபத்தில் வெடிப்பாள் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்ததும் அவள் கேட்டது இது:

"டாக்டர், இந்தப் பெரிய அளவ... குண்டா இல்லாத ஒருத்தங்க போட்டுக்கிட்டா என்ன ஆகும்?"

தட்டச்சு செய்துகொண்டிருந்த கை நின்றது. "சாப்பாடே இறங்காது. வாந்தி நிக்கலைன்னா உடம்புல தண்ணி வத்திடும், சிறுநீரகம் வரைக்கும் போகலாம், மயங்கி விழலாம். ஏம்மா, யாராவது போட்டுக்கறாங்களா?"

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இந்தக் கதையில் மட்டும் இந்தப் பழமொழியைத் தொடக் கூடாது என்று எழுதத் தொடங்கும்போதே முடிவு பண்ணியிருந்தேன். தொட்டாயிற்று. வேறு எந்த வார்த்தையும் அங்கே நிற்கவில்லை.

மருத்துவர் திரையைக் காட்டினாள். "இது நீங்கதானே?"

"நான்தான் டாக்டர்," என்றாள் அக்கா. அது பொய் இல்லை.

"அப்ப ஊசி போட்டுக்கிட்டது?"

அக்கா வாயைத் திறந்தாள். அதே நேரம் மடியில் கைப்பேசி அதிர்ந்தது. சின்னவளின் எண்தான். "இந்தச் சனியன் வேற," என்று அதைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி அதிர்ந்தது.

அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். எண் சின்னவளுடையதுதான், ஆனால் பேசப்போவது சின்னவள் இல்லை. யார் என்று எழுதக் கை வர மாட்டேன் என்கிறது. எழுதினால் அது நடந்துவிடும், எழுதாதவரைக்கும் சின்னவள் அந்தக் குளியலறைத் தரையில்— இல்லை. இதற்கு மேல் என்னால் ஆகாது.

மருத்துவர் பதிலுக்குக் காத்திருக்கிறாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு வார்த்தையைத் தேடுகிறாள். மடியில் அது அதிர்ந்துகொண்டே இருக்கிறது.

யாராவது எடுங்களேன்.