போன் பையின் மேல் ஒரு ஸ்வெட்டர்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. மலை உச்சியில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றபோது ஓசியில் கிடைத்தது.

சனிக்கிழமை காலை குவாக் அக்காவோடு மலையேறினேன். அக்கா என் மகள் படிக்கும் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஆனால் என் மகளின் வகுப்புக்குப் போவதில்லை. உச்சியில் வழக்கம்போல் ஆளுக்கொரு வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தபோது போன் பையைப் பற்றிப் பேச்சு வந்தது. காலையில் முதல் மணிக்குள் எல்லாப் பிள்ளைகளும் போனை வகுப்புப் பையில் போட்டுவிட வேண்டும். பையைப் பூட்டி ஆசிரியர் அறையில் வைத்திருந்து சாயங்காலம் திருப்பித் தருவார்கள்.

"அதுல பாதி செத்த போன்," என்றார் அக்கா. "வீட்ல கெடக்குற பழசக் கொண்டாந்து பையில போடுதுங்க. நெசமான போன் பாக்கெட்ல. ரெண்டுக்கும் ஒரே மாதிரி உறை வேற! எமகாதகிங்க."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"கையில எடுத்தாத் தெரியாதா? செத்தது சில்லுனு இருக்கும்."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க?"

"தெனம் காலங்காத்தால யாருடி மல்லுக்கு நிக்கிறது? அதுங்க ஏமாத்துது, நான் ஏமாறுறேன். ரெண்டு பேருக்கும் நிம்மதி."

பிறகு அவரே சிரித்தபடி சொன்னார். "போன வாரம் ஒரு கூத்து. பக்கத்து மேஜையில எட்டாம் வகுப்புப் பை. அதுல ஒரு போன் நடுங்குது நடுங்குது, ஓயவே இல்ல. எனக்கோ தலைக்கு மேல திருத்துற வேல. கடைசியில என் ஸ்வெட்டரக் கழட்டி அது மேல போட்டேன்."

"யாரோட போன்?"

"யாரு கண்டா? எவளோ ஒரு மக்கு, செத்ததுக்குப் பதிலா உசுரோட இருக்கறதப் போட்டுட்டா."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கதை கிடைத்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தேன். செத்த போன் சில்லென்று இருக்குமா என்று பார்க்க, என் பழைய போனைத் தேடிச் சமையலறை இழுப்பறையைத் திறந்தேன். சார்ஜர் இருந்தது. போன் இல்லை.

(இங்கே நான் நேராகப் போய் என் மகள் சோலின் அறைக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். அவள் எட்டாம் வகுப்பு. தட்டாமல் கணினியைத் திறந்தேன். கதை எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு வசதி உண்டு.)

2

முதல் தொடக்கம்:

சமூக ஊடகங்களால் மாணவர்களின் கற்றல் திறன் குறைந்துவருவதாகப் பல

இதற்கு மேல் ஓடவில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டவர் பேசுகிற மாதிரி இருக்கிறது. இதைப் படித்தால் நானே தூங்கிவிடுவேன்.

இரண்டாம் தொடக்கம்:

நாரேவுக்குப் பதினான்கு வயது. அவள் ஒரு சந்தோஷமான

பொய். அழித்துவிட்டேன்.

மூன்றாவது:

அவசரத்தில் நாரே போனை மாற்றிப் போட்டுவிட்டாள்.

இது பரவாயில்லை. நாரே நான் உண்டாக்கிய பெண். அவளுக்குக் குட்டை முடி கொடுத்தேன்; என் மகளுக்கு நீள முடி. நாரே இடதுகைக்காரி, சோல் அப்படியில்லை. இந்த வித்தியாசங்களை நான் ஏன் இவ்வளவு கவனமாகச் செய்தேன் என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள்.

3

நாரே பையில் உயிருள்ள போனைப் போட்டுவிட்டு, செத்த போனோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாம் பாடவேளையில் பாக்கெட்டுக்குள் கைவிட்டபோதுதான் தெரிகிறது. சில்லென்று இருக்கிறது. அடிவயிறு கலங்குகிறது.

அவள் வகுப்புப் பெண்களுக்கு ஒரு அரட்டைக் குழு இருக்கிறது. நடத்துகிறவள் ஹேவோன். குழுவில் ஒரு செய்தி விழுந்தால் அதன் பக்கத்தில் ஒரு சின்ன எண் நிற்கும். இன்னும் எத்தனை பேர் படிக்கவில்லை என்று காட்டும். எல்லாரும் படித்த பிறகும் அந்த எண் ஒன்று என்று நின்றால், அந்த ஒருத்தி யாரென்று எல்லாருக்கும் தெரியும்; அன்றைக்குக் குழுவின் கேலி அவள் மேல்தான்.

ஆசிரியர் பலகையில் சமன்பாடு எழுதுகிறார். நாரேவுக்கு அது தெரிகிறது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. அவள் காது பாக்கெட்டிலேயே இருந்து பழகிவிட்டது. போன் இல்லாத அன்றும் அங்கேதான் இருக்கிறது. போனைப் பிடுங்கிவிட்டால் பிள்ளை படித்துவிடும் என்று நம்புகிற பெற்றோரில் நானும் ஒருத்தி. இந்தப் பத்தியை எழுதியபோது அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது. மூன்று மாதமாக சோல் கணக்கில் சறுக்கிக்கொண்டே வருகிறாள். நான் டியூஷனை மாற்றினேன்.

ஆசிரியர் அறையில் அவளுடைய போன் நடுங்கிக்கொண்டேயிருக்கிறது. ஒரு ஆசிரியை எரிச்சலோடு தன் ஸ்வெட்டரை எடுத்து அதன் மேல் போடுகிறார்.

முடிவு, ஒன்று: போன் இல்லாத ஒரு நாளில் நாரே ஜன்னல் வழியே வானத்தைப் பார்க்கிறாள், எவ்வளவு நீலம் என்று வியக்கிறாள், நன்றாகப் படிக்க

(சீச்சீ.)

முடிவு, இரண்டு: மாலையில் போனை வாங்கிப் பார்க்கிறாள். அவளைப் பற்றி முந்நூறு செய்திகள். அவள் மெதுவாக மாடிப்படி

இல்லை. இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.

4

ஞாயிற்றுக்கிழமை மதியம். டியூஷனுக்குப் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வந்த சோல் என் தோளுக்குப் பின்னால் நின்றாள். திரையை மறைக்க நினைத்தேன். மறைக்கவில்லை. அவள் படிக்கட்டும் என்று எனக்குள் யாரோ சொன்னார்கள்.

"யாரும்மா இந்த நாரே?"

"சும்மா, கதை."

"உனக்கு ஒண்ணுமே தெரியல. குரூப்ப விட்டு வெளிய வந்துட வேண்டியதுதானேன்னு படிக்கிறவங்க கேப்பாங்களே, அத எழுதவே இல்ல?"

"வர முடியாதா?"

"வரலாம். உடனே திரும்ப இழுத்துப் போடுவாங்க. மறுபடி வந்தா மறுபடி. சில பேரு நூறு தடவ வெளிய வந்து பாத்திருக்காங்க." கையிலிருந்த சோற்று உருண்டைப் பொட்டலத்தின் தாளைப் பிரித்தபடியே சொன்னாள். ஒரு கடி கடித்துவிட்டு அப்படியே மேஜையில் வைத்துவிட்டாள். "அப்புறம், அடிவயிறு கலங்குறதெல்லாம் முதல் மாசம். அப்புறம் இவளே சேந்து சிரிப்பா. தன்னப் பத்திச் சொன்னதுக்கே 'ஹஹஹா'னு போடுவா. சிரிச்சா சீக்கிரம் விட்டுருவாங்க."

"உனக்கு எப்படிடி இவ்ளோ தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்மா. அம்மாங்களுக்குத்தான் தெரியாது."

விசைப்பலகை மேல் கையை வைத்துக்கொண்டேன். அவள் குனிந்து மறுபடி முதல் வரியைப் படித்தாள்.

"அவசரத்துல மாத்திப் போட்டாளா?"

"ஆமா."

"யாராச்சும் அத மாத்திப் போடுவாங்களா? தெனம் போடுறவளுக்குக் கை பட்டாலே தெரியும்." பொட்டலத் தாளை இரண்டாக, நான்காக மடித்தாள். "வேணும்னேதான் போட்டிருப்பா."

"வேணும்னேவா? ஏன்?"

"பைக்கு முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும்மா. மெசேஜ் வந்தா போன் திரை எரியும். வாயத் தொறந்து சொன்னா காட்டிக் குடுத்தவன்னு ஆயிரும். இப்டின்னா யாராச்சும் ஒரு மிஸ் தானாப் பாப்பாங்கல்ல. இவ எதுவும் சொல்லலதானே?"

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிகளுக்கு வந்திருந்தாள்.

"இந்த ஸ்வெட்டர் நீயா யோசிச்சதா?"

வாயில் வந்தது ஒரு பொய். "கதைக்காக."

"கதைக்காகத்தானா?"

"ம்."

"அப்போ யாருமே பாக்கல," என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரல்தான். "சரி, நேரமாச்சு. எழுதி முடிச்சா காட்டு."

5

வாசகரே, உங்களுக்கு ஒரு முடிவு பாக்கி இருக்கிறது. கையில் உள்ளவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பை, அதில் எரிந்து எரிந்து அணையும் ஒரு திரை, அதன் மேல் ஒரு ஸ்வெட்டர். ஆசிரியை அதை விலக்கிப் பார்க்கலாம். பார்க்காமலும் போகலாம். நாரேவுக்கு நல்லபடியாக ஏதாவது செய்யுங்கள், அவளுக்குப் பதினான்கு வயதுதான். எனக்கு இனி நாரேவைக் கவனிக்க நேரமில்லை.

(வாசலில் சோல் ஷூ மாட்டும் சத்தம் கேட்கிறது. குவாக் அக்காவுக்குப் போன் செய்து, நடுங்கிய அந்தப் போனின் உறை என்ன நிறம் என்று கேட்கலாம். கேட்டு என்ன ஆகப்போகிறது? எனக்குத் தெரியும். ஸ்வெட்டருக்கு அடியில் கிடந்தது என் பிள்ளை. மலை உச்சியில் உட்கார்ந்து சிரித்தவள் நான்.)

கதவு சாத்தப்பட்டுவிட்டது. நாங்கள் இருப்பது பதினான்காவது மாடி. லிஃப்ட் மேலே வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதற்குள் ஒரு நல்ல கடைசி வரி எழுதிவிடலாம் என்றுதான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன், பாருங்கள். அந்தச் சனியன் பிடித்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். லிஃப்ட் வந்துவிட்ட மணி கேட்கிறது, நான் செருப்புக்கூடப் போடாமல்