இங்கிலாந்துக்குப் போகாத காது மெசின்

சோமசேகரத்தின் காதுகளைச் சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் தின்றுவிட்டன. இளமை முழுக்க அந்தப் பெரிய தாங்கிகளின் இரும்புத் தகட்டில் சுத்தியல் அடித்தவருக்குப் பக்கத்தில் வெடி வெடித்தாலும் கேட்காது. எழுத்து வாசிப்பும் இல்லை. பேச்சென்றால் உயிரை விடுகிற கமலாதேவி இப்படியொருவருக்குப் போய் வாழ்க்கைப்பட்டாளே! சுவரோடு கதைத்தே பாதி ஆயுளைக் கழித்துவிட்டாள்.

முன்பு அவரை வேலை வாங்கிய வெள்ளைக்காரத் துரை, சாகிறதுக்கு முன் ஒரு புண்ணியம் செய்தார். இங்கிலாந்திலிருந்து காது மெசின் ஒன்று அனுப்பிவைத்தார். சட்டைப்பையில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு வயர், உள்ளே இரண்டு பற்றரி.

மாட்டிய அன்று கமலாதேவி, “இஞ்சேருங்கோ” என்றாள்.

“என்ன?” என்று அவர் திரும்பினார். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அந்த மாரி முழுக்க இருவரும் கதைத்தார்கள். கலியாணம் கட்டிய புதிதில்கூட அவ்வளவு கதைத்ததில்லை. பிறகு மெசின் வாயை மூடிக்கொண்டது.

அனுப்பினால் இலவசமாகத் திருத்தித் தருவதாக மெசின் செய்த இங்கிலாந்துக் கம்பனி எழுதியது. தபால் கந்தோர் மஹ்ரூப்தான் வாசித்துச் சொன்னார்.

“பற்றரி போட்ட சாமான பிளேன்ல ஏத்த மாட்டாங்க அக்கா. கழட்டிப்போட்டுத் தைச்சுக்கொண்டு வாங்க. இருந்தா கொழும்பிலயே மறிச்சிருவாங்க.”

“ஓம் தம்பி.”

ஓம் என்றாளே தவிர மனம் கேட்கவில்லை. டோர்ச் மங்கினால் பற்றரியைக் கூரையில் காயப்போட்டு உயிர் கொடுப்பது இந்தக் கரையில் வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம். வெறும் பெட்டியாகப் போனால், செத்த சாமான் என்று வெள்ளைக்காரன் எறிந்துவிடுவானே என்று அவளுக்குப் பயம். பழைய பற்றரி இரண்டையும் நல்ல வெயிலில் காயவைத்தாள். சூடு ஆறுமுன் உள்ளே போட்டு, வெள்ளைச் சீலையில் பொதிந்து தைத்துவிட்டாள்.

“கழட்டினீங்கதானே?”

“கழட்டினனான்.”

நம்பி அரக்கு முத்திரை வைத்தார் மஹ்ரூப்.

பார்சல் கொழும்பைத் தாண்டவே இல்லை. ஏதோ கிடங்கில் மாதக்கணக்காகக் கிடந்து திரும்பி வந்தது. மஹ்ரூப் திறந்து பார்த்தார். பற்றரிகள் ஊதிப் பிளந்து, வழிந்து, மெல்லிய வயர்களையெல்லாம் பச்சையாய் அரித்திருந்தன.

“இனி ஒண்டும் செய்ய ஏலாது அக்கா” என்றார். அவர் திட்டியிருந்தாலாவது அவளுக்கு ஆறியிருக்கும்.

வீட்டில் சோமசேகரம் பை வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து காத்திருந்தார். பெட்டியை வாங்கிப் பச்சையை விரலால் தடவிப் பார்த்தார். அவளுடைய முகத்தையும் பார்த்தார். வயரைக் காதில் மாட்டிக்கொண்டார்.

கமலாதேவி அவருடைய காலடியில் இருந்தாள்.

“நான்தான் பற்றரியை உள்ளுக்கு வச்சனான். தம்பி வேண்டாமெண்டு சொன்னவர். நான்தான் பாழாக்கினனான். என்னை மன்னிப்பீங்களோ?”

அவளுடைய உதடுகள் நிற்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துக்கொண்டே அவளுடைய தலையில் கை வைத்தார்.

“வடிவாக் கேக்குதப்பா. நீ கதை.”