பாலிக்கு ஒரு மேக்ஸி

பாலிக்குப் போகும் பெண்கள் எல்லாரும் மேக்ஸிதான் போட வேண்டும் என்று உஷாராணி போனில் சொன்னபோது கஸ்தூரிக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஏர்போர்ட்டுக்கேவா, உஷா?"

"ஏர்போர்ட்டு, பிளைட்டு, பீச்சு, எல்லாத்துக்கும் அண்ணி. ஃபாரின் போறவங்க இப்ப அதான் போடறாங்க. நீ பாட்டுக்கு சேலையக் கட்டிக்கினு வந்து எங்க மானத்த வாங்காத."

கஸ்தூரி பிறந்த காட்டேரிக்குப்பத்து வீட்டில் நைட்டிக்கு மேக்ஸி என்றுதான் பேர். கல்யாணமாகிக் கரிக்கலாம்பாக்கம் வந்த புதிதில் "என் மேக்ஸி காயுது" என்று சொல்லப்போக, நாத்தனார் உஷாராணி அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். என்ன தப்பு என்று யாரும் விளக்கவில்லை. கஸ்தூரி அந்தச் சொல்லையே விட்டுவிட்டாள். இப்போது உஷாவே அதைச் சொன்னதும், மனசு மாறி இறங்கி வருகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனாலும் புருஷனை ஒரு வார்த்தை கேட்டாள். குமரவேல் மனை விற்கிறவன். ஊரைச் சுற்றி வயல்களில் கல் நட்டு விற்றதில் அந்த வருஷம் அவன் கம்பெனிக்கு நல்ல லாபம். நன்றாக விற்றவர்களைக் குடும்பத்தோடு பாலிக்குக் கூட்டிப்போகிறார் முதலாளி. அதே கம்பெனியில் இருக்கும் உஷாராணியின் புருஷனும் அதில் ஒருவன். சினிமாவுக்குக்கூட அழைத்துப் போகாதவன், 'குடும்பத்தோடு' என்றிருந்ததால் அவளுக்கும் பாஸ்போர்ட் எடுத்தான். அங்கேயாவது தன்னைப் பக்கத்தில் நிறுத்தி, நாலு பேரிடம் "என் ஒய்ஃப்" என்று அவன் சொல்ல வேண்டும். கஸ்தூரிக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"இன்னாங்க, உஷா மேக்ஸி போட்டுக்கினு வரச் சொல்லுது. இது போதுமா?" வில்லியனூரில் வாங்கிய புது நைட்டிகளை விரித்துக் காட்டினாள்.

குமரவேல் நைட்டிகளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஊதாப் பூ போட்டது நல்லாருக்கு."

அவன் நல்லாருக்கு என்று சொல்லி எத்தனையோ காலமாகியிருந்தது. ஊதாவை இரண்டு தரம் இஸ்திரி போட்டாள்.

கிளம்பும் நாளில் குமரவேல் பெட்டிகளோடு முன்னாலேயே போய்விட்டான். கஸ்தூரி ஆட்டோவில் போனாள். ஆட்டோக்காரர் ஒன்றும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. நைட்டியும் தோளில் துண்டுமாகப் பெண்கள் ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற ஊர்தானே.

வில்லியனூரில் உஷாராணி வீட்டு வாசலில் வேன் நின்றிருந்தது. சுற்றி நின்ற பெண்கள் கணுக்கால் வரை தொங்கும் கவுன் போட்டிருந்தார்கள். இடுப்பில் பெல்ட், மேலே ஜீன்ஸ் துணியில் கோட்டு, காலில் வெள்ளை ஷூ. கஸ்தூரி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். உஷாராணி போனைத் தூக்கிப் படம் எடுத்தாள்.

"இன்னா அண்ணி, தூங்கி எழுந்து நேரா வந்துட்டியா?"

"நீதான உஷா மேக்ஸி போடச் சொன்ன."

"மேக்ஸி போடச் சொன்னேன். நைட்டி போடச் சொன்னனா?" அவளுக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. "அண்ணந்தான் சொன்னாரு, ஊதா எடுத்து வெச்சிருக்கா, வந்ததும் பாருன்னு."

கஸ்தூரி குமரவேலைத் தேடினாள். அவன் வேன் படியருகே முதலாளியின் மனைவி செல்வகுமாரிக்குப் பையை வாங்கி வைத்துக்கொண்டிருந்தான். செல்வகுமாரி இதற்கு முன் கஸ்தூரியைப் பார்த்ததே இல்லை. இடுப்பில் கைக்குழந்தையோடு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"பரவால்லயே குமரவேல். பாப்பாவ எப்படிச் சமாளிக்கறதுன்னு இருந்தேன். வேலைக்கு ஆள் கூட்டிக்கினு வந்துட்டீங்களா?"

சிரிப்பு நின்றது. எல்லாரும் குமரவேலின் முகத்தைப் பார்த்தார்கள். கஸ்தூரியும் பார்த்தாள். இரண்டே சொல் போதும் அவனுக்கு.

"ஆமா மேடம்," என்றான் குமரவேல். "நம்ம ஊர்ப் பக்கந்தான்."

"அண்ணே, போதும்," என்றாள் உஷாராணி, மெதுவாக. அவள் முகம் வெளுத்திருந்தது. அவன் காதில் வாங்கவில்லை.

செல்வகுமாரி குழந்தையைக் கஸ்தூரியின் கையில் கொடுத்துவிட்டு ஏறினாள். குழந்தை அழவில்லை. கஸ்தூரியின் தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. அவளுக்குக் கடைசி சீட். வேன் கிளம்பியதும், முன்னால் முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமரவேல் திரும்பி ஒரு பாட்டிலை நீட்டினான்.

"பாப்பாவுக்குத் தண்ணி குடும்மா."

ஒரு நாளும் அவன் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. வீட்டில் 'ஏய்' என்பான், கோபம் வந்தால் 'டி' போடுவான். வாசலுக்கு வரும் கீரைக்காரியிடம் பேசுகிற 'ம்மா' இது.

வேனில் ஒருவரும் திரும்பவில்லை. கஸ்தூரி மூடியைத் திறந்து குழந்தைக்குத் தண்ணீர் புகட்டினாள். துண்டால் அதன் வாயைத் துடைத்தாள்.

"குடிச்சிடுச்சி சார்," என்றாள்.