வண்டியில் இருந்த பென்டிரைவ்

வண்டியில் இருக்கிற பென்டிரைவைக் கொடுங்கள் என்று வடிவு கேட்டதும் எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. பின்னே? முத்தையாபுரத்துக்கும் துறைமுகத்துக்கும் பன்னிரண்டு வருஷமாக லோடு வேன் ஓட்டுகிறேன். பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறுநூறு பாட்டு அதில் இருக்கிறது. லோடுமேன்களைக்கூட அதைத் தொட விடமாட்டேன், பெண்டாட்டிக்கு மட்டும் கொடுத்துவிடுவேனா?

“அதுல ஏத்துனா பாட்டு அழிஞ்சிருமா?”

“ஆமாங்க. சுத்தமா அழிஞ்சிரும்.”

“ஏளா, உனக்கு அறிவிருக்கா? வேற பாரு.”

வேறு எங்கே பார்க்க? வீட்டில் இருந்த ஒரே பென்டிரைவ் காலையில்தான் செத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துக் கடையெல்லாம் அடைப்பு. வடிவு கம்ப்யூட்டர் படித்தவள். கம்பெனிக் கம்ப்யூட்டர்களுக்குள் திருடன் நுழையாமல் காக்கிற படிப்பு ஒன்றுக்கு எழுதிப்போட்டிருந்தாள். நாலு மணிக்குள் காளி லினக்ஸ் என்கிற சிஸ்டத்தைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பில் போட்டு, வீடியோவில் அங்கே பாடம் நடத்துகிற மேடத்துக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவள் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். காளி என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டேனே தவிர, பென்டிரைவைக் கொடுக்க மனசு வரவில்லை.

“சரி, வேண்டாம்” என்று லேப்டாப்பை மூடினாள்.

அந்த ‘வேண்டாம்’ எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. “மருமவ மெட்ராசுக்குப் போயி சம்பாதிச்சுதான் நாம கஞ்சி குடிக்கணுமா?” என்று என் அம்மா கேட்டாள். வடிவு என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அன்றைக்கும் இப்படித்தான் “சரி, வேண்டாம்” என்றாள். இந்தப் பத்து வருஷத்தில் ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சண்டை போட்டிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

வெட்கமாக இருந்தது. விறுவிறுவென்று போய்ப் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவள் மடியில் போட்டேன்.

“பாட்டு?”

“பாட்டு கெடக்கு கழுத. நீ போடு.”

லேப்டாப்போ கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது. பென்டிரைவில் ஏற்றவே ஒரு மணி நேரம் தின்றது. லேப்டாப்பில் இருப்பதை மொத்தமாக அழிக்கட்டுமா என்று அது கேட்டபோது வடிவின் விரல் தயங்கியது. “அமுக்குளா” என்றேன். மூன்றே முக்காலுக்குத் திரையில் ஓடிய கோடு பாதியில் நின்றுவிட்டது. தொட்டுப் பார்த்தால் கொதிக்கிறது. பேப்பரை மடித்து விசிற ஆரம்பித்தேன்.

“மூதேவி, நகந்து தொலையேன்!”

“ஏசாதீங்க. அதுவும் பாவம், அதால ஆனதச் செய்யுது” என்றாள்.

நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது வேலை முடிந்து திரை வந்தது. என் போனில் மேடத்தைக் கூப்பிட்டு, கேமராவைத் திரைக்கு நேராக நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெபிஷா மேடம் என்று பெயர். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல வடிவு தட்டினாள். அவள் விரலுக்கு அத்தனை வேகம் உண்டென்று எனக்குத் தெரியவே தெரியாது.

“நல்லா பண்ணியிருக்கீங்க சண்முகவடிவு. இடம் உங்களுக்குத்தான். ஆனா கடைசி மூணு மாசம் சென்னையில தங்கிப் படிக்கணும். வீட்டுல ஒண்ணும் சொல்லமாட்டாங்களே?”

வடிவு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோனது.

நான் போனை என் பக்கம் திருப்பினேன். பனியனோடு நிற்கிறேன் என்கிற நினைப்புகூட இல்லை.

“மேடம், அவ வீட்டுக்காரன் பேசுதேன். அவ வருவா. பத்து வருசம் முந்தியே வந்திருக்க வேண்டியவ. அன்னைக்கு நான் வாயத் தொறக்கல, தப்பு என் பேர்லதான்.” அடுப்படிக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

மேடம் சிரித்துவிட்டு வைத்தார். வடிவு சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

“இத அன்னைக்கே சொல்லியிருந்தா என்னவாம்?” என்று கேட்டுவிட்டு, அந்தத் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.